பதினோராவது கேள்வி

கத்தார், குவைத், பஹ்ரைன், எந்த நாட்டுத் தமிழ்ச் சபையில் போய்க் கேட்டாலும் என் மனநோய் வரலாற்றை ஒப்பித்துவிடுவார்கள். தோஹா நர்சிங் கல்லூரிக்காரர்கள்தான் பாவம், விவரம் தெரியாமல் படிவம் அச்சடித்து என்னிடமே கேட்டார்கள். உடல்நல உறுதிமொழிப் படிவத்தில் அது பதினோராவது கேள்வி. மனநோய்க்காக எப்போதாவது சிகிச்சை பெற்றதுண்டா, இப்போது பெறுகிறீர்களா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஆம், இல்லை.

பத்தாவது கேள்வி வரைக்கும் வேகமாகத்தான் போனேன். சர்க்கரை இல்லை, காசநோய் இல்லை, வலிப்பு இல்லை. பதினொன்றில் பேனா நின்றுவிட்டது. தோஹாவின் நஜ்மா பகுதியில் எங்கள் அறையில் சாப்பாட்டு மேசை, படிப்பு மேசை, இஸ்திரி மேசை எல்லாம் ஒன்றுதான். எதிரே அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தியப் பள்ளி ஒன்றில் ஆயாவாக இருக்கிறவள். ஒரு பிள்ளை எழுதாமல் பேனாவைக் கடித்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"என்னத்த யோசிச்சிட்டு இருக்க?"

கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

"இல்லன்னு போடு மக்ளே. கர்த்தர் சொகமாக்கின நோய்க்கு நாம ஆமான்னு போட்டா, அவருக்க மேல நமக்கு நம்பிக்கை இல்லன்னுல்லா ஆவும்?"

"முன்ன இருந்ததையும் கேக்காங்கம்மா."

"முன்ன இருந்தத அவரு எடுத்துப் போட்டாச்சு. எடுத்துப் போட்டத என்னத்துக்கு எழுதணும்?"

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அம்மா சொன்னதால்தான் போட்டேன் என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் விசுவாசமும் என் பயமும் சேர்ந்து ஒரே கட்டத்துக்கு ஓட்டுப் போட்டன. அப்போது என் கைப்பையில், கால்சியம் என்று எழுதிய டப்பாவுக்குள், அன்றைக்குப் போட வேண்டிய லித்தியம் மாத்திரை இருந்தது. மனம் கட்டுமீறி ஏறாமலும் அடியோடு இறங்காமலும் பிடித்து வைக்கிற மாத்திரை. ஐந்து வருடமாக ஒரு நாள் விடாமல் போடுகிறேன்.

எனக்கு இருபத்தைந்து வயது. அந்தக் கல்லூரியில் சேர வயது வரம்பும் இருபத்தைந்துதான். இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான். காலத்துக்கும் நஜ்மா பாலிகிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து, டோக்கன் எடுங்கள், பாத்ரூம் இடது பக்கம் என்று நாலு மொழியில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வரலாறு என்று பெரிதாகச் சொல்லிவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதில் நாகர்கோவில் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மனிதர்களுக்குத் தூக்கம் தேவையில்லை என்று கண்டுபிடித்தேன். இந்திய நர்சிங் கல்வியைச் சீர்திருத்த வழி சொல்லி கல்லூரி முதல்வருக்கு முப்பத்துநாலு பக்கத்தில் கடிதம் எழுதினேன். அதில் பாதி இன்றைக்குப் படித்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம். கல்லூரிப் பேருந்தில் எல்லோருக்கும் பி.பி. பார்த்தேன். ஓட்டுநரையும் விடவில்லை. அப்போது பேருந்து தக்கலை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவருக்கு நூற்றெண்பது காட்டியது. மாத்திரை போடும்படி அவருக்கு அறிவுரை சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனேன்.

பிறகு மனம் அடியோடு இறங்கியது. அதைப் பற்றி வேடிக்கையாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பல் துலக்க பிரஷை எடுப்பதே ஒரு முழு நாள் வேலையாக இருந்தது. செத்துப்போகலாம் என்று ஆசைப்பட்டேன், எழுந்து போய் அதைச் செய்யத் தெம்பில்லாமல் உயிரோடு கிடந்தேன். மருத்துவமனையில் ஊசி போட வருகிற எல்லோரும், அவளப் பிடி, கையப் பிடி என்றுதான் வருவார்கள். ஒரு நர்ஸ் மட்டும், "எப்சிபா, எந்தக் கையில போடட்டும்?" என்று என்னிடம் கேட்டார். நாற்பது நாளில் நான் எடுத்த முதல் முடிவு அது. இடது கை என்றேன். நர்ஸாக வேண்டும் என்று நான் உண்மையில் ஆசைப்பட்டது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் ஆசைப்பட்டது வெளிநாட்டுக்கு.

கல்லூரி என்னை உடல்நலம் கருதி விலகிக்கொள்ளச் சொன்னது. ஒரு வருடம் கழித்து, தேறியதும், அம்மா வேலை பார்க்கிற தோஹாவுக்கே நானும் கிளினிக் விசாவில் வந்து சேர்ந்தேன். அப்பா யேசுதாசன் சவூதியில், யான்புவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து இருப்பது வருடத்தில் ஒரு மாதம், அதுவும் ஊரில்.

நான் வந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை அம்மா சாட்சி சொன்னாள். எங்கள் சபையில் பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்குவதற்கு முன், கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து மைக்கில் சொல்லலாம். வேலை கிடைத்தது, சிறுநீரகக் கல் கரைந்தது, விசா கொடுத்த கஃபீல் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தான் என்று சொல்வார்கள். அம்மா மைக்கைப் பிடித்து, மகளுக்குப் பைத்தியம் பிடித்தது, ஜெபித்தோம், மாத்திரைகளையெல்லாம் குப்பையில் போட்டோம், இன்று ஒரு மாத்திரையும் இல்லாமல் சுகமாக நிற்கிறாள் என்றாள். குப்பையில் போட்டது உண்மைதான். பதினைந்து மாத்திரை கொண்ட ஓர் அட்டையை அவள் கையாலேயே போட்டாள். மறுநாளே நான் அரசு மருத்துவமனையில் வேறு வாங்கிக்கொண்ட விஷயம்தான் சாட்சியில் சேரவில்லை. என்னையும் மேடைக்குக் கூப்பிட்டாள். நான் போய் "ஆமென்" என்றேன். ஒரே ஒரு சொல்தான், ஆனால் மைக்கில் சொன்னேன்.

அது வீடியோவாகி யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் வளைகுடா முழுக்கச் சுற்றியது. ஜெத்தாவுக்குப் போயிருந்த அப்பா அங்கே ஷரஃபியா பகுதியில் ஒரு கடையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் வந்து கைகொடுத்து, "பைத்தியம் தெளிஞ்ச பிள்ளைக்க அப்பா நீங்கதானே?" என்று விசாரித்தாராம். அப்பாவுக்குப் பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. பரோட்டாவுக்கு அவரையே காசு கொடுக்க விட்டுவிட்டு வந்துவிட்டார்.

நாலு வருடம் இப்படியே போயிற்று. டாக்டரைப் பார்க்கப் போனால் அம்மாவிடம் ஓவர்டைம் என்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஸ்டாஃப் மீட்டிங். தேநீர் கோப்பையைப் பிடிக்கும்போது கை லேசாக நடுங்கினால் அது மொபைல் அதிகம் பார்ப்பதால் என்று அம்மாவே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாள். ஒருமுறை மூட்டு வலிக்கிறது என்று கால்சியம் டப்பாவைத் திறந்து ஒன்றை வாயருகே கொண்டு போய்விட்டாள். தட்டிப் பறித்தேன். காலாவதி ஆகிவிட்டது என்று சொல்லி, அவளுக்கென்று அசல் கால்சியம் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். மூட்டு வலி குறைந்திருப்பதாக இப்போதும் சொல்கிறாள்.

நேர்முகத் தேர்வுக்குத் தேதி வந்தது. ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை. அதற்கு முந்தின வாரம் ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் உபவாசம் என்று அம்மா அறிவித்தாள். காலை நாலரை முதல் மாலை ஆறு வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

லித்தியம் ஒரு வகை உப்பு. உடம்பில் தண்ணீர் வற்றினால் அது ரத்தத்தில் ஏறி விஷமாகிவிடும். பட்டினி கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார், நானும் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டுவேன். இதற்கு முந்தைய உபவாசங்களில் கிளினிக் பாத்ரூமுக்குள் பாட்டிலைக் கொண்டுபோய்க் குடித்துத் தப்பித்திருக்கிறேன். இந்த முறை அதற்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே பொய் டிக் போட்டாயிற்று, இதில் திருட்டுத் தண்ணீரும் குடித்தால் கர்த்தர் என் கல்லூரி சீட்டை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார் என்று பயம். அரைகுறை நர்சிங் படிப்போடு முழு விசுவாசம் சேர்ந்தால் இப்படித்தான் யோசிக்க வரும். போதாததற்கு அம்மாவுக்குப் பள்ளி விடுமுறை. மத்தியானம் கிளினிக்குக்கே வந்து, நான் சபலப்படாமல் இருக்க என் பக்கத்தில் உட்கார்ந்து பைபிளில் சங்கீதம் வாசித்தாள்.

இரண்டாம் நாள் கை வெடவெடவென்று ஆடியது. பில்லிங்கில் இருக்கிற மஹ்மூது அண்ணன் காயல்பட்டினத்துக்காரர். நான் டோக்கன் சீட்டைக் கிழிக்க முடியாமல் கிழிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ ஏதும் மருந்து எடுக்குறியா? நோன்பு வைக்கிற எங்கள்லயே, நோயாளிக்கு விலக்கு உண்டுமா."

"மருந்தா? எனக்கா?" என்று சிரித்தேன். சிரிப்பு நன்றாகத்தான் வந்தது, நாலு வருடப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். நாக்கு தடித்துப்போய் 'டோக்கன்' என்ற சொல் வாயில் உருளவில்லை. எழுந்து நின்றேன், தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்தது நினைவிருப்பது மஹ்மூது அண்ணன் அரபியில் ஆம்புலன்சுக்குப் பேசியதும், அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்ததும்தான்.

பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் குறிப்பெடுக்க வந்த நர்ஸின் சட்டையில் குமுதினி என்று எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினார்.

"எத்தினை நாளா சத்தி எடுக்கிறா? தண்ணி குடிச்சவவோ?"

"மூணு நாளு உபவாசம் சிஸ்டர்," என்றாள் அம்மா. "அந்த வெக்கையில மயங்கிட்டா. அவ்வளவுதான்."

"ஏதும் மருந்து எடுக்கிறவவோ?"

"ஒரு மருந்தும் இல்ல. முன்ன ஒரு நோய் இருந்து, கர்த்தர் சொகமாக்கிட்டாரு. அதுக்க சாட்சி யூடியூப்ல இருக்கு, காட்டட்டா?"

அம்மா போனை எடுத்தேவிட்டாள். குமுதினி போனைப் பார்க்கவில்லை, படுக்கை விரிப்பின் மேல் ஆடிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் ஒரு அஞ்சு நிமிசம் வெளியில நில்லுங்கோ. நான் தங்கச்சியோட தனியக் கதைக்க வேணும்."

எனக்குக் கிடைத்த அருமையான வாய்ப்பு அது. அம்மா வெளியே போவாள், நான் உண்மையைச் சொல்வேன், சலைன் ஏறும், உடம்பு சரியாகும், சாட்சியும் சரியாக இருக்கும். ஆனால் அம்மா எழுந்து போகும்போது என் கைப்பையையும் எடுத்துக்கொண்டாள். திருட்டுப் போய்விடுமாம். போகிற வழியில் திரும்பி, "நல்லா பாருங்க சிஸ்டர், அவ நர்சிங் படிக்கப் போற பிள்ளையாக்கும்," என்றாள். மூன்று நாளும் பகலெல்லாம் தண்ணீர் குடிக்காத உதடு அவளுக்கும் வெடித்திருந்தது. எனக்காகத்தான். அதைப் பார்த்ததும் தாங்க முடியவில்லை.

"அம்மா இருக்கட்டும்," என்றேன். "லித்தியம் எடுக்கேன் சிஸ்டர். ஒரு நாளைக்கு தொள்ளாயிரம். அஞ்சு வருஷமா. அந்த பேக்ல கால்சியம் டப்பாவுல இருக்கு."

குமுதினி ஒரு கணமும் வீணாக்காமல் டாக்டரைக் கூப்பிட ஓடினார். ரத்தம் எடுத்தார்கள், சலைன் போட்டார்கள், லித்தியத்தின் அளவு இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கலாம் என்று டாக்டர் அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொல்ல, குமுதினி தமிழில் சொன்னார். அம்மா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போனபிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நான் சாட்சி சொன்ன அண்ணைக்கும் போட்டியா?"

"போட்டேம்மா."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் வெள்ளி. நீ படுத்திரு என்று சொல்லாமல் சொல்லிவிட்டு அம்மா சேலை கட்டினாள். நானும் பின்னாலேயே போனேன். சர்ச் காம்ப்ளெக்ஸில் ஒரே ஹாலை ஆறு மொழிக்காரர்கள் நேரம் பிரித்து வைத்திருக்கிறோம். எங்கள் நேரம் பத்தரை முதல் பன்னிரண்டரை. பன்னிரண்டே காலுக்கே பிலிப்பைன்ஸ்காரர்கள் கிதாரோடு வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். சாட்சி நேரம் வந்தது. அம்மா எழுந்தாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்ததைச் சொல்லப் போகிறாள் என்று எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நானும் பதிலுக்குப் புன்னகைத்து வைத்தேன்.

"நாலு வருஷம் முன்ன நான் இதே எடத்துல நிண்ணு ஒண்ணு சொன்னேன்," என்று தொடங்கினாள் அம்மா. "எனக்க மவ மாத்திரைய விட்டுட்டான்னு சொன்னேன். அவ விடல்ல. இண்ணைக்கும் போடுகா. நான் அவகிட்ட கேக்கவே இல்ல. எனக்கு அப்பிடி இருக்கணும்னு ஆசை, அதனால சொல்லிட்டேன். அவ சொகமா நிக்கது அந்த மாத்திரையாலயும்தான். அதயும் கர்த்தர்தான் குடுத்தாரு."

பாஸ்டர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை.

"எனக்க பேச்சக் கேட்டு யாராவது மாத்திரைய நிறுத்தியிருந்தீங்கன்னா, தயவு செஞ்சு டாக்டர்கிட்ட போங்க. என்ன ஏசணும்னா வெளிய வந்து ஏசுங்க. நான் அங்கதான் நிப்பேன்."

பாஸ்டர் வார நாட்களில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிற சாது. நீட்டிய கையை இறக்கி, மெதுவாக ஆமென் என்றார்.

எனக்கு ரத்தம் சுண்டிப்போயிருந்தது. அவமானத்தால் இல்லை. அந்த வீடியோவைப் பார்த்து வேறு யாராவது தங்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்பது நாலு வருடத்தில் எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. என் ரகசியம், என் டப்பா, என் சீட், இதைத் தவிர நான் எதையும் நினைத்ததில்லை. எட்டாவது வரை படித்த அம்மாவுக்கு மூன்றே நாளில் அதுதான் முதலில் தோன்றியிருக்கிறது. நர்ஸாகப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது நான்.

வெளியே பார்க்கிங் வெயிலில் அம்மா சொன்னபடியே நின்றாள். ஏச யாரும் வரவில்லை. மூன்று பெண்கள், ஒருவர் போனபின் ஒருவராக வந்து, தாழ்ந்த குரலில் டாக்டர் பெயரைக் கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்று பேருக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒருவர் தன் தம்பிக்காகக் கேட்டார். மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடமாகிவிட்டது என்றார். அந்த எழுத்து நன்றாக வரவில்லை, மருந்தின் நடுக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

அன்று மாலையே கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதினேன். பதினோராவது கேள்விக்கு நான் தந்த பதில் தவறு, 'ஆம்' என்பதே சரி என்று எழுதினேன். வீரம் பொங்கி எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். அம்மாவின் புதிய சாட்சி வளைகுடாவைச் சுற்றிக் கல்லூரி வாசலுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை என்பதும் ஒரு காரணம். மாணவர் சேர்க்கையைக் கவனிக்கிற ஸ்வாதி மேடம் ஞாயிற்றுக்கிழமை பதில் போட்டார். 'ஆம்' என்பதற்காக மட்டும் இடம் மறுக்கப்படாது, குழு பார்த்து முடிவு செய்யும். மருத்துவரின் கடிதம் ஒன்று, கூட வசிக்கும் குடும்பத்தார் நிரப்பிக் கையெழுத்திட்ட படிவம் ஒன்று, இரண்டையும் நேர்முகத் தேர்வு நடக்கும் வியாழக்கிழமை நேரில் கொண்டுவர வேண்டும். கையெழுத்திட்டவரும் வர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விண்ணப்பம் ஏற்கப்படாது.

மருத்துவரின் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்துவிட்டது. படிவத்தை அச்செடுத்து, எது எதற்கு எந்தக் கோடு என்று பென்சிலால் தமிழில் எழுதி, மேசையில் வைத்தேன். அம்மா அதை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு வெங்காயம் உரித்தாள். இஸ்திரி போடும்போது எடுத்து ஜன்னலில் வைத்தாள், முடிந்ததும் திரும்ப மேசையில் வைத்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை. சபைக்கு முன்னால் அவளை அவ்வளவு சொல்ல வைத்துவிட்டு, இப்போது இதிலும் கையெழுத்துப் போடு என்று எந்த வாயால் கேட்பது? புதன்கிழமை மாலை பார்த்தபோது படிவம் மேசையில் இல்லை. குப்பைக் கூடையைக் கிளறிப் பார்த்தேன், வெங்காயத் தோல்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அம்மா எனக்கு முன்பாகவே கிளம்பி, பைபிளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பிடித்தபடி கதவருகே நின்றாள். டாக்சியில் அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். ஏன் நர்சிங் என்று கேட்டார்கள். சேவை மனப்பான்மை என்று தொடங்கும் ஒரு பதிலைக் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை. எந்தக் கையில் போடட்டும் என்று கேட்ட அந்த நர்ஸைப் பற்றிச் சொன்னேன். மாத்திரையை ஏன் மறைத்தாய் என்று கேட்டார்கள். கோழை என்பதால் என்றேன். அதை ஒருவர் எழுதிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

அரை மணி நேரம் கழித்து ஸ்வாதி மேடம் எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். குழுவுக்குச் சம்மதம்தான், மருத்துவர் கடிதமும் சரியாக இருக்கிறது, குடும்பத்தார் படிவம் மட்டும் பாக்கி என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பிளாஸ்டிக் கவரைப் பிரித்தாள். படிவம் பைபிளுக்குள் கசங்காமல் இருந்தது. பெயர் இன்பமணி, உறவு தாய் என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், பள்ளிப் பிள்ளைகளின் டிபன் டப்பாவில் பெயர் எழுதுவதுபோல் அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். எனக்கு மூச்சு வந்தது.

ஸ்வாதி மேடத்தின் பேனா பாதியில் நின்றது. விண்ணப்பதாரரின் நோயைப் பற்றி உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்று ஒரு கோடு இருந்தது. அதில் அம்மா ஒன்பது நாள் என்று எழுதியிருந்தாள்.

"ஒன்பது வருடம் என்று எழுத நினைத்தாரா? அப்படியும் கணக்கு வரவில்லையே," என்று மேடம் என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "தவறு என்றால் இங்கேயே திருத்திக்கொள்ளலாம்."

"அம்மா, அஞ்சு வருஷம்னு மாத்தி எழுதும்மா," என்றேன் அவசரமாக. சீட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்குப் புத்தி வந்த லட்சணம் அவ்வளவுதான்.

அம்மா பேனாவைத் தொடவில்லை.

"மேடத்துக்கிட்ட சொல்லு. இவளுக்குச் சொகமில்லன்னு அஞ்சு வருஷமா ஊரெல்லாம் சொன்னது நான்தான். ஆனா எனக்க பிள்ளைக்கு என்ன நோயி, அவ அத எப்பிடிக் கொண்டுட்டு நடந்தான்னு எனக்குத் தெரிஞ்சு ஒம்பது நாளுதான் ஆச்சு. அதத்தான் எழுத முடியும்."

ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். முதல் வாக்கியம் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் குரல் உடைந்துவிட்டது. அப்படியே மேசையில் கவிழ்ந்து அழுதேன். மனநலம் சீராக இருக்கிறது என்று மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம் என் முழங்கைக்கு அடியில் நனைந்துகொண்டிருந்தது. ஸ்வாதி மேடம் அதை மெல்ல உருவி எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, டிஷ்யூப் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். ஒன்பது நாள் என்பதைத் திருத்தச் சொல்லவில்லை. அதன்கீழே தன் கையெழுத்தைப் போட்டு முத்திரை குத்தினார்.

வெளியே வராந்தாவில் அம்மா என் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "என்ன சொன்னா அவ?"

"இடம் கெடச்சாச்சும்மா. செப்டம்பர் ஒண்ணுல கிளாஸ்."

"ஸ்தோத்திரம்," என்றாள். வழக்கம்போல் உடனே போனை எடுத்தாள், சபையின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாள். விரல் எழுத்துகளின் மேல் நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் சொல்லட்டா மக்ளே?"

என் பிறப்பு, என் பூப்பு, என் பைத்தியம், என் சுகம், எதையும் அவள் என்னிடம் கேட்டுவிட்டு ஊருக்குச் சொன்னதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, நான் வேண்டாம் என்று சொன்னால் மூடிவிடத் தயாராக நின்றாள்.

"சொல்லும்மா," என்றேன்.

"மாத்திரையயும் சேத்தா?"

"மாத்திரையயும் சேத்து."